சொரைதாவின் சைடுகார்

காப்பிக்கு நன்றி, லெப்டினன்ட். பட்டாணி கலக்காத காப்பி குடித்து எவ்வளவு காலமாகிறது என்று எனக்கே நினைவில்லை. ரேஷன் கடைத் தூளில் பாதிக்குப் பாதி வறுத்த பட்டாணி. அதையே குடித்துப் பழகிவிட்டு, நல்ல காப்பி கிடைத்தால் நாக்கு அதைத்தான் சந்தேகப்படுகிறது. எங்கள் ஊரில் எதில் எது கலந்திருக்கிறது என்று பார்க்காமல் யாரும் எதையும் தொடமாட்டார்கள். என் அண்ணன் ஒனெலியோ அதை மறந்துவிட்டான். ஒரு வகையில் பார்த்தால் நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் முழுதாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் அந்த நீலப் புட்டி என் கட்டிலுக்கு அடியில் இருந்ததுதான். அதற்கு வருகிறேன். முதலில் வண்டி.

ஒனெலியோ இளவயதில் கிழக்கு ஜெர்மனிக்கு நூல் ஆலை வேலைக்குப் போனான். ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது, போனவர்கள் எல்லோரையும் போல அவனும் ஓர் எம்.இசட். மோட்டார் சைக்கிளைப் பகுதி பகுதியாகப் பிரித்து மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பினான். பெட்டியை உடைத்து, பகுதிகளைச் சேர்த்து வண்டியாக்கியவன் நான். முதல் சவாரி போனவன் அவன். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் மாட்டுகிற ஒற்றைச் சக்கர இருக்கை, ஒரு சைடுகார், தேடிப் பிடித்தோம். அதையும் நான்தான் இணைத்தேன். அதில் சொரைதாவை உட்காரவைத்து அவன் ஒல்கின் நகரம் முழுக்கச் சுற்றினான். ஊர் பார்த்தது, நானும் பார்த்தேன். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அப்புறம் ரொட்டிக்கும் விளக்குக்கும் பஞ்சம் வந்ததே, அந்தக் கெட்ட காலம். நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். லாரி டியூப்களைக் கட்டித் தெப்பம் செய்து, மயாமிக்குப் போக ஹிபாராக் கடலில் இறங்கியவர்களில் அவனும் ஒருவன். போவதற்கு முன் கொட்டகையில் வண்டியைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னான்:

“ரெண்டையும் பாத்துக்கடா. எஞ்சின் இறுகிடாம மாசத்துக்கொரு தடவை பிளக்கைக் கழட்டி எண்ணெய் விட்டு மெதுவா உதைச்சு விடு. அவளப் பத்திக் கவலையில்ல, அவ தானா ஓடிக்குவா.”

வண்டியை முதலில் சொன்னான், கவனியுங்கள். ஆறு கடக்கிறவரைதான் அண்ணன் தம்பி என்பார்கள். இவன் கடலையே கடந்தான்.

இரண்டில் ஒன்றை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். சொரைதா முன்வீட்டில், நான் பின்கட்டில். கூரை ஒழுகினால் ஏறுவது நான். தண்ணீர் வராத நாட்களில் வாளி சுமப்பது நான். ரொட்டிக் கடை வரிசையில் அவளுடைய அட்டையோடும் என் அட்டையோடும் நிற்பது நான். ஊரார் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் மறுத்தாள், அவள் கூச்ச சுபாவம். என்னைக் கடைசிவரை ‘கொழுந்தனாரே’ என்றுதான் கூப்பிட்டாள். அவனை ‘நீ’ என்பாள், என்னை ‘நீங்க’ என்பாள். அவ்வளவு மரியாதை.

இதையும் சொல்லவேண்டும். ஒனெலியோ வாயைத் திறந்தால் பொய். எங்கே போனான், யாரோடு போனான், எதிலும் நிஜம் இருக்காது. அதனால் அவனிடம் எதையும் இரண்டு தடவை கேட்கிற பழக்கம் சொரைதாவுக்கு வந்துவிட்டது. “நேரா வீட்டுக்குத்தான் வந்தியா? நேராத்தான் வந்தியா?” “சாப்பிட்டியா? நெசமா சாப்பிட்டியா?” முதல் பதிலை அவள் கணக்கிலேயே எடுக்கமாட்டாள். இரண்டாவது பதில் வரும்போது அவன் கண்ணைப் பார்ப்பாள். நான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு எதெல்வீனாவை ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அவள் வீட்டில் டெலிபோன் இருந்தது. ஆரம்ப வருஷங்களில் அவன் மயாமியிலிருந்து அதில்தான் கூப்பிடுவான். எதெல்வீனா வேலிக்கு மேலாக எட்டி, “நிவால்தோ, ஒங்க அண்ணன் லைன்ல இருக்கான், அவளக் கூப்பிடு” என்பாள். நான் போய் எடுத்து, அவள் வீட்டில் இல்லை என்பேன். அது அவனிடம் சொன்னது. சொரைதா என்னிடம் போன் வந்ததா என்று கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கொஞ்ச காலத்தில் அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் என்று கேள்விப்பட்டோம். சொரைதா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் செய்த கறுப்பு பீன்ஸைச் சாப்பிட்டாள்.

வண்டியை நான் உதைக்கவில்லை. ஊரில் ஓடாமல் கிடந்த வண்டிகளுக்கெல்லாம் போய்ப் பிளக் கழற்றி எண்ணெய் விட்டிருக்கிறேன், காசுகூட வாங்காமல். என் கொட்டகையில் நின்றதற்கு விடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடினேன், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போனது. டாங்க் உள்ளே துருப்பிடித்தது. யாராவது விலைக்குக் கேட்டால் சொரைதா தரமாட்டாள். மத்தியானங்களில் தார்ப்பாயை ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்தச் சைடுகாரில் ஏறி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்குவாள். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு நேரத்தில்தான் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருக்கும். நான் பக்கத்தில் இருப்பதால் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போன மாதம் அவன் வந்தான். வெள்ளைப் பல் வரிசை, தொப்பை, வீடு கொள்ளாத பைகள். அந்த இன்னொருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாளாம், சமைத்துப்போட ஆளில்லாமல் இவள் நினைப்பு வந்திருக்கிறது. காகிதத்தில் விவாகரத்து ஆகவில்லையே, அவன் இன்னமும் புருஷன்தான். வந்த அன்றே கொட்டகைக்குள் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். கிக்கரில் காலை வைத்து மிதித்தான். அது கல்லாக நின்றது.

“என்னடா இது, வண்டியா கல்லறையா? மாசம் ஒரு தடவை உதைன்னு சொன்னேனே. ஒரு சொட்டு எண்ணெய்க்கு வக்கில்லையா ஒனக்கு?”

“எண்ணெய் கெடைக்கல.”

“ஊரெல்லாம் ஒன் எண்ணெய்லதான ஓடுது. சரி விடு. காவல் நாய்க்கு வண்டி ஓட்டத் தெரியணும்னு இல்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தான். “எல்லாத்தையும் மோந்து பாத்துட்டு ஒண்ணையும் தொடாமப் படுத்திருந்திருக்க. நல்ல நாய்தான்.”

வாசலில் சொரைதா நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல, அவன் வந்த சந்தோஷத்தில். அந்தச் சிரிப்பை நான் மன்னித்துவிட்டேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னார்கள். அவளுடைய காகிதங்கள் எல்லாம் தயார், இந்த மாதக் கடைசியில் விமானம். என்னிடம் யாரும் முன்பே சொல்லவில்லை. எத்தனையோ மாதங்களாக அவள் கைபேசியில் அவனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், என் முற்றத்துக்கு ஒரு சுவர் தள்ளி.

“கொழுந்தனாரே, கோவமா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன். அது பொய்யில்லை. கோபம் அப்போது வரவில்லை. ஒனெலியோ அடுத்த வார்த்தை பேசியபோதுதான் வந்தது.

“அவனுக்கு எதுக்குக் கோவம்? நான் நியாயமான ஆளு. வண்டியக் கெளப்பிக் குடு, ஹிபாரா வரைக்கும் ஒரே ஒரு சவாரி, நான் கடல்ல எறங்குன எடத்தப் பாக்கணும். திரும்பி வந்ததும் வண்டி ஒனக்கு. வண்டி ஒனக்கு, அவ எனக்கு. கணக்குத் தீந்துச்சு.”

காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்று ஒரு பழமொழி உண்டு. அது எனக்கென்றே சொன்னது. பெண்டாட்டி மட்டும் காகிதத்தில் என்னுடையவள் இல்லை. நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்கே ஆரம்பிக்கிறேன் என்றேன்.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் என்னை அரைகுறை மெக்கானிக் என்று எழுதிவிடுவீர்கள். பிளக் துவாரத்தில் டீசல் விட்டு ஊறவைத்தேன். தினமும் கொஞ்சம் விட்டு, கிக்கரைக் கையால் அசைத்துப் பார்த்தேன். ஒரு நாள் காலையில் மயிரிழை நகர்ந்தது. அதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. டாங்குக்குள் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் தண்ணீரும் கலந்து ஊற்றி வெயிலில் வைத்தேன். துரு எல்லாம் கறுப்புக் குழம்பாக வெளியே வந்து, உள்ளே பளிச்சென்று ஆகிவிட்டது. கார்புரேட்டரைக் கிடார்க் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். ரிங், எண்ணெய் சீல், காயில் எல்லாம் அவன் பையில் கொண்டு வந்திருந்தான். ஒன்றுவிடாமல் புதிதாகப் போட்டேன். எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள், ஒரு திருகாணிகூடத் தளர்வாக இருக்காது. இந்த ஊரில் யாராலும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

பையில் அந்த நீலப் புட்டியும் இருந்தது. டூ-ஸ்ட்ரோக் எண்ணெய், அங்கத்திய சரக்கு.

நீங்கள் மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிற தலைமுறை, அதனால் சொல்கிறேன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்தக் கலவைதான் அதற்குச் சோறும், அதுவே மருந்தும். எண்ணெய் இல்லாமலும் ஓடும். ஊருக்குள் மெதுவாக ஓடும், ஒன்றும் தெரியாது. நல்ல சாலையில் முழுசாக முறுக்கினால் பிஸ்டன் சூடேறி, வீங்கி, ஓட்டத்திலேயே சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் நின்றால் பின்சக்கரம் நிற்கும்.

அதனால்தான் எங்களுக்கு இரண்டு பழக்கம். ஒன்று, அடுத்தவன் ஊற்றிய பெட்ரோலில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பது. எண்ணெய் கலந்திருந்தால் விரல் வழுக்கும், இல்லாவிட்டால் காய்ந்துபோகும். தெருவில் கலவை விற்கிறவன் எண்ணெயைத் திருடுவான், எல்லோருக்கும் தெரியும். பெற்ற தகப்பன் ஊற்றினாலும் விரலை விடுவோம், தகப்பனும் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டாவது, ஓட்டும்போது இடக்கை விரல் இரண்டு எப்போதும் கிளட்ச் மேல் இருக்கும். எஞ்சின் கவ்வுகிறது என்று தெரிந்த கணத்தில் கிளட்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், மனுஷன் பிழைத்துக்கொள்வான். இந்த இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே ஒனெலியோதான்.

முதல் தடவை கிளப்பியது நல்ல கலவையில்தான். சின்னப் புட்டியில் குழாய் மாட்டி, தெருவே கூடி நின்றது. நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. நீலப்புகை கொட்டகையை நிரப்பிக்கொண்டு தெருவுக்குப் போனது. எதெல்வீனா இருமிக்கொண்டே கைதட்டினாள்.

“செத்தவன எழுப்பிட்டியே நிவால்தோ! எம் புருஷனையும் கொஞ்சம் பாரேன்!”

சொரைதா அழுதாள். ஒனெலியோ என் முதுகில் தட்டி, “பரவால்லடா நாயே, ஒனக்கும் கை இருக்கு” என்றான். பிறகு சைடுகாரைக் காலால் உதைத்துக் காட்டினான். “இந்தத் தொட்டிலைக் கழட்டிப் போடு. எனக்குத் தனி வண்டியா ஓட்டணும்.”

“போல்ட் எல்லாம் துருப்பிடிச்சுப் போயிருக்கு, வராது” என்றேன்.

போல்ட் சுலபமாகவே வரும். வராது என்றதும் அவனிடம் சொன்னதுதான்.

நீங்கள் இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். சைடுகாரை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்கப்போகிறீர்கள். அதோடு நிற்கவில்லை, லெப்டினன்ட். உள்ளே இருந்த மெத்தை மக்கிப்போயிருந்தது. அவளுக்குப் பிடித்த மஞ்சள் துணியில், புதுப் பஞ்சு வைத்து, கையால் தைத்துப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே செய்தேன்.

காரணம் சொல்கிறேன். நான் கொலைகாரன் இல்லை. கொலைகாரன் ஆளுக்கு வழி விடமாட்டான். நான் இரண்டு பேருக்கும் வழி விட்டேன். அவன் டாங்கில் விரலை விட்டுப் பார்த்தால் போதும். இந்த ஊர்க்காரனாக ஒரே ஒரு நிமிஷம் இருந்தால் போதும். ‘எண்ணெய் மறந்துட்டேன்’ என்று சொல்லிப் புட்டியை எடுத்து ஊற்றியிருப்பேன், அவனும் கடல் பார்த்துவிட்டு வந்திருப்பான். அவள் சைடுகாரில் ஏறாமல் வாசலில் நின்று கையசைத்தால் போதும். நிற்கிறாளா, ஏறுகிறாளா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. சைடுகார் இல்லாவிட்டால் அது எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாங்கை நிரப்பினேன். சுத்தமான பெட்ரோல். பழைய எண்ணெய்ப் பிசுக்கு சைலன்சரில் இருந்ததால் கிளப்பியபோது கொஞ்சம் புகையும் வந்தது. ஒனெலியோ கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்து டாங்குக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான், விரலை விடவில்லை. மயாமியில் காரில் ஏறிச் சாவியைத் திருகுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். நான் மனதுக்குள் அவனுக்காக ஒரு மூச்சு நேரம் காத்திருந்தேன். மூடியை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தான். இடக்கையின் ஐந்து விரலாலும் கைப்பிடியைப் பிடித்தான்.

“ஏத்தத்துல நல்லா முறுக்கு” என்று சொன்னேன். “பழைய கரியெல்லாம் வெளிய போயிடும்.”

“ஒன்னக் கேட்டுத்தான் ஓட்டணுமாக்கும்.”

வண்டி போனபின் நான் கொட்டகையைப் பெருக்கினேன். கருவிகளைத் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தேன். மதியம் எதெல்வீனா அலறிக்கொண்டு ஓடி வந்தபோது நீலப் புட்டி ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் இருந்தது. எண்ணெய் அரிய பொருள், எறிய மனம் வரவில்லை.

ஹிபாராச் சாலை ஏற்றத்தில் பின்சக்கரம் கவ்வியிருக்கிறது. சைடுகார் வலப்பக்கம் இருப்பதால் அது முன்னே பாய, மோட்டார் சைக்கிள் பின்னே இழுக்க, வலச்சாரியில் போன வண்டி முழுசும் இடப்பக்கம் திரும்பி எதிர்ச்சாரிக்குப் போயிருக்கிறது. எதிரே கரும்பு ஏற்றிய லாரி. ஒனெலியோ புல்லில் போய் விழுந்திருக்கிறான். தோள்பட்டை எலும்பும் அந்த வெள்ளைப் பல்லில் சிலதும் உடைந்ததோடு சரி. லாரி சைடுகாரில்தான் இடித்தது. போய்ப் பார்த்தவர்கள், மெத்தையில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை என்றார்கள். நான் நல்ல நூல்தான் போட்டிருந்தேன்.

அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என் பேரைச் சொல்லிக் கத்துகிறானாம். கத்தட்டும். எலும்பு சேர்ந்ததும் தனியாக விமானம் ஏறுவான். சொரைதா இங்கேதான் இருக்கிறாள், எங்கள் குடும்பக் கல்லறையில், என் அம்மாவுக்குப் பக்கத்தில். அதற்கடுத்த இடம் எனக்கு ஒதுக்கியது. அவளுக்கு அந்த ஊர் ஒத்துவந்திருக்காது. கடைசியில் அவள் போகவில்லை, பாருங்கள்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி, அவள் ஏறும்போது நான் என்ன செய்தேன் என்பது. மறைக்க ஒன்றுமில்லை. அவன் எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தான். அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மஞ்சள் மெத்தையைப் பார்த்தாள், கையால் தடவினாள், “எனக்காகவா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். தடுக்க எனக்கு நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். வண்டி நகர்வதற்கு முன் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷம் இந்த வண்டியோடு வாழ்ந்தவள் இல்லையா, அவன் மறந்தது அவளுக்கு நினைவிருந்தது.

“கொழுந்தனாரே, எண்ணெய் ஊத்துனீங்களா?”

“ஊத்துனேன்” என்றேன்.

ஒனெலியோவிடம் அவள் எதையும் இரண்டு தடவை கேட்பாள், லெப்டினன்ட். என்னிடம் ஒரு தடவைதான் கேட்டாள்.